சுவருக்கு விட்ட இடம்

பண்டாரவளை
11.02.2024

மதிப்புக்குரிய நிரஞ்சலா அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் அறியாத ஒருத்தி இப்படி எழுதுவதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு எழுத எனக்கு அனுமதி கிடையாது. எல்லாமே கொழும்பில் இருக்கும் பணிப்பாளர் வழியாக, மின்னஞ்சலில்தான் வரவேண்டும். நீங்கள் அனுப்பிய வரைபடத்தின் அடியில் இந்த முகவரி சின்ன எழுத்தில் இருந்தது. அதைப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

என் பெயர் தனுஜா. ஹல்துமுல்லைக்கு மேலே நீலக்காடு தோட்டத்தில் நடந்த மண்சரிவுக்கு நினைவுச் சின்னம் செய்துதரும்படி உங்களைக் கேட்டிருக்கிற அறக்கட்டளையின் பண்டாரவளைக் கிளையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கிளை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, நான்.

உங்கள் வேலையை முதன்முதலில் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்தேன். தடித்த ஒரு புத்தகத்தில் அரைப்பக்கப் படம். பெரிய வெள்ளை மண்டபம், தரையில் வரிசையாக இரும்புத் தகடுகள், வேறொன்றும் இல்லை. “இதப் பாக்க இவ்வளவு பெரிய புத்தகமா? எங்க மாமாட வெல்டிங் கடைக்கு வா, ஓசியிலயே காட்டுறன்” என்றாள் என் அறைத்தோழி ஷம்ரா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தகடுகளின் மேல் யாரோ நடந்துவிட்டுப் போய்விட்டது போலவும், திரும்பி வருவார்கள் போலவும் இருந்தது. படத்தின் கீழே ‘பிறப்பு: பதுளை’ என்றிருந்தது. நம் பக்கத்தில் பிறந்த ஒருவர் அப்படிப்பட்ட புத்தகத்துக்குள் இருப்பார் என்று நான் நினைத்ததேயில்லை.

பணிப்பாளர் சிற்பியைத் தேடியபோது உங்கள் பெயரை ஒரு துண்டில் எழுதி அவர் மேசையில் வைத்தது நான்தான். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை.

எழுத வந்த காரியம் இது. உங்கள் விளக்கக் குறிப்பில் மூன்றே வரிகள் இருக்கின்றன. ‘எட்டுத் தரைகள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே ஒன்றுமில்லை.’ இப்படித்தான் தமிழாக்கியிருக்கிறேன். தோட்டத்து மக்களுக்கு உணர்ச்சியாக ஒரு பக்கம் வேண்டும் என்று பணிப்பாளர் என்னையே சேர்த்து எழுதச் சொல்கிறார். சேர்க்கலாமா? தரைகளுக்கு நடுவே ஏன் இடைவெளி என்று கேட்டால் என்ன சொல்லட்டும்?

தொந்தரவுக்கு மீண்டும் மன்னிக்கவும்.

பணிவன்புடன்,
வீ. தனுஜா


ரொட்டர்டாம்
02.03.2024

தனுஜாவுக்கு,

மன்னிப்பு வேண்டாம். தமிழில் எனக்கு ஒரு கடிதம் வந்து பல வருஷமாகிறது. உறையை உடனே திறக்கவில்லை. இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். என் எழுத்தில் பிழை இருக்கும். திருத்த வேண்டாம்.

மூன்று வரியோடு நிறுத்துங்கள். உணர்ச்சியைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவார்கள். நாம் முன்கூட்டியே ஊற்றி வைத்தால் அவர்களுக்கு இடமிருக்காது.

இடைவெளி பற்றி. மண்ணுக்குள் போன லயத்தில் எட்டுக் காம்பிராக்கள், ஒரே வரிசை என்று எனக்கு அனுப்பிய பழைய படத்தில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. நடுவே நான் விட்டிருப்பது அந்த அறைகளைப் பிரித்த சுவரின் கனம். சுவர் இல்லை. அதன் இடம் இருக்கிறது.

தரை ஒரு சாண் உயரம். கொங்கிறீட். மழை நின்றதும் வானம் அதில் தெரியும் அளவுக்கு இழைக்க வேண்டும்.

கூடை சுமந்த பெண் சிலை கேட்பார்கள். தேயிலைப் பெட்டியில் அவள் ஏற்கனவே இருக்கிறாள். செத்தவர்களில் எத்தனை பேர் கூடையோடு செத்தார்கள்?

நேராக எனக்கே எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் பிறந்த ஊரைப் படித்ததை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிறந்த ஊரை எழுதவில்லை.

நிரஞ்சலா


பண்டாரவளை
21.04.2024

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். நலம்தானே? இங்கே சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு வெயில் கொஞ்சம் சுடுகிறது. அப்புத்தளைப் பக்கம் மட்டும் மத்தியானத்திலேயே பனிமூட்டம் இறங்கிவிடுகிறது.

போன வாரம் தோட்டப் பாடசாலையில் கூட்டம் நடந்தது. கொழுந்து பறிக்கிற நாள் ஆனபடியால் பெண்கள் யாரும் வரவில்லை. வேலையை விட்டால் வரவுப் பதிவில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. தோட்டத் தலைவர் இராமையா மாமாவும் ஏழெட்டு ஆண்களும் வந்தார்கள். பணிப்பாளர் உங்கள் வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டி ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். இராமையா மாமா மூக்குக்கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

“என்னங்க இது, வீட்டுப் பிளான் மாதிரியில்ல இருக்கு? செலை எங்க?”

“செலை இல்லீங்க மாமா.”

“பேரு?”

“பேரும் இல்ல.”

“அப்ப செத்தவங்க வந்து பாத்தா எது தங்களோடதுன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க? வீரய்யா மகளே, நீயாவது கேட்டுச் சொல்லும்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். பணிப்பாளர் என்ன சிரிப்பு என்று கேட்டார். நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை. “உங்கள் மனதுக்குப் பிடித்தமாதிரி வரும், தோட்டத்திலேயே பொருத்தமான இடத்தில் வரும்” என்று அவர் முடித்துவைத்தார். பிறகு தேத்தண்ணி கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தக் கூட்டத்திலேயே வெளியே வந்துவிட்டது. நான் வீரய்யாவின் மகள். நீலக்காட்டில் பிறந்தவள். உங்கள் வரைபடத்தில் இடப்பக்கமிருந்து நாலாவது சதுரம் எங்கள் காம்பிரா.

மண் சரிந்த அன்று நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். காலை மழைக்குள் மலை சத்தம் போட்டதும் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். அம்மாவையும் அப்பாவையும் மேலே ஏற்றிவிட்ட பிறகு என் அண்ணா ஜீவன் பின்பக்கம் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனார். மாடு வந்தது. கழுத்தில் அறுத்த கயிறும் மணியும் இருந்தன. அண்ணா வரவில்லை. ஒவ்வொரு காம்பிராவிலும் ஒருவராவது போனார். பாதிப் பேரின் உடலைத்தான் எடுக்க முடிந்தது. அண்ணாவை எடுக்கவில்லை.

உயிர் தப்பியவர்கள் இன்னமும், மூடிக்கிடக்கிற பழைய பெக்டரியின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், சேலையும் தறப்பாளும் கட்டிப் பிரித்து இருக்கிறார்கள். எங்கள் அம்மா ரெங்கம்மாவும் அப்பாவும் அங்கேதான். ஏழு பேர்ச் காணியில் புது வீடு தருவதாகச் சொல்லி இரண்டரை வருஷம் ஆகிறது. நிலம் இல்லை என்று கம்பனி சொல்கிறது.

இதையெல்லாம் முதல் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் என் பேச்சை மொழிபெயர்ப்பாளர் பேச்சாக எடுக்கமாட்டீர்கள் என்று பயந்தேன்.

உங்கள் அளவு சரியாக இருக்கிறது.

பணிவன்புடன்,
தனுஜா


ரொட்டர்டாம்
19.05.2024

தனுஜாவுக்கு,

உன் அண்ணாவுக்காக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்த எதுவும் நல்லாயில்லை. விட்டுவிடுகிறேன்.

என்னை அக்கா என்று எழுது. அம்மையார் என்றால் யாரோ மேடையில் இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நான் பேட்டிகளில் சொல்லாத ஒன்று. பதுளை பஜாரில் எங்களுக்கு இரும்புக்கடை இருந்தது. ஆணி, தகரம், கம்பி, சீமெந்து. தோட்டங்களுக்கெல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் தகரம் போகும். எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்தார்கள். எனக்குப் பத்து வயது. மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஏன் சிறுபிள்ளையைக் கூட்டிப்போனார் என்று இன்றைக்கும் தெரியாது. சுவர் இல்லை, கூரை இல்லை. சாம்பலைக் கூட்டினால் சீமெந்துத் தரை மட்டும் அப்படியே இருந்தது. அப்பா அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

முப்பது வருஷமாக அந்தத் தரையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இரும்பில், கல்லில், ஈயத்தில். எல்லாரும் அதற்கு வேறு வேறு பெயர் வைக்கிறார்கள். வைக்கட்டும்.

வரும் வருஷம் இங்கே என் வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கண்காட்சி. கடைசி அறையில் நீலக்காட்டின் படம் ஒன்றே ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் செய்வேன் என்று நினைக்கவில்லை. முழங்கால் விடாது. அதனால் இது சரியாக வரவேண்டும்.

முன்பு காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திய பழைய பெரட்டுக்களத்தைக் கம்பனி கொடுத்திருக்கிறது. மண்சரிந்த இடத்துக்கு யாரும் போகக்கூடாதாம். பெரட்டுக்களம் தட்டையானது, எனக்குப் பொருத்தம். அவர்களோடு ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொண்டேன். வடிவத்தில் கடைசிச் சொல் என்னுடையது. வேலை முடிந்தது என்று நான் கையெழுத்திடும் வரைக்கும் களம் என் பொறுப்பு. அதற்கு முன் அவர்கள் பூச்செடி, பெயர்ப்பலகை, கம்பிவேலி எதுவும் வைக்க முடியாது. அனுபவத்தில் படித்த பாடம்.

நவம்பரில் கையளிப்புக்கு வருவேன். அன்றைக்கு உன் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

நிரஞ்சலா


பண்டாரவளை
25.08.2024

அன்புள்ள அக்கா,

இப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

போன புதன்கிழமையோடு எட்டுத் தரையும் போட்டாகிவிட்டது. கட்டட வேலைக்குப் பொறுப்பாக நிற்கிற றில்வான் பாஸ் பண்டாரவளையில் பெரிய கைகாரர். உங்கள் படத்தில் இருக்கிற ஒரு கோட்டைக்கூட விடவில்லை. மட்டப்பலகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். “இவ்வளவு சுத்தமா நான் பள்ளிவாசலுக்கும் போட்டதில்ல தங்கச்சி” என்றார்.

ஆனால் ஒரு காரியம் நடந்துவிட்டது. பணிப்பாளருக்கு நான் இன்னும் எழுதவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மண்சரிந்த அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து தோட்டம் முழுக்க அளந்தார்கள். வீடு கட்டப் பாதுகாப்பான தட்டை நிலம் இந்தப் பெரட்டுக்களம் மட்டும்தான் என்று சொல்லி நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கம்பனி அதை விட முடியாது என்றது. கல் மட்டும் அப்படியே நின்றது. நம் படத்தைக் கூட்டத்தில் காட்டினோமே தவிர, இடத்தைச் சரியாகச் சொல்லவில்லை. நினைவுச் சின்னம் என்றால் மண்சரிந்த பக்கம் எங்கேயோ ஒரு கல் வைப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியிருக்கையில் பெரட்டுக்களத்துக்கு மண்வெட்டும் மெஷின் வந்தது. பிறகு சீமெந்து வந்தது. எட்டுத் தரை. எட்டுக் குடும்பம். பத்துக்குப் பன்னிரண்டு. நடுவில் சுவரின் கனத்துக்கு இடம்.

புதன்கிழமை வேலை விட்டதும் நான் போய்ப் பார்த்தபோது எல்லாரும் களத்தில் இருந்தார்கள். குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, கையில் செம்போடு வந்திருந்தார்கள். வீட்டுக்கு அடித்தளம் போடும்போது செய்கிற பூசை. வரிசை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பழைய லயத்தில் யார் எந்தக் காம்பிராவோ, அந்தத் தரையின் முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

“ஏழு பேர்ச் காணி தர்றேன்னவன் மறுபடியும் பத்துக்குப் பன்னெண்டையே தர்றான் பாரு” என்றார் இராமையா மாமா. “போகட்டும். தலைக்கு மேல கூர வந்தாப் போதும். சொவத்துக்கு எடம் விட்டுத்தான் போட்டிருக்காங்க. பக்கத்து வீட்டுக் கொறட்டை இனி நமக்கு வேணாம்னு பாத்தேன், அது விதிச்சதாட்டம் இருக்கு.”

“கொறட்டைய நீங்கதான் விடுறது மாமா, நாங்க கேக்குறவங்க” என்று ஒரு பெண் சொன்னாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர்கள் சிரித்ததைக் கேட்டேன்.

கடைசித் தரைகள் இன்னும் ஈரமாக இருந்தன. ஈசானிய மூலையில் பால் ஊற்றி, மஞ்சளும் நவதானியமும் தூவி, ஆளுக்கு ஒன்றை அழுத்தி வைத்தார்கள். ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றி வைத்தாள். காய்ந்துபோன தரைகளில் மூலையைக் கொஞ்சம் கொத்தி வைத்துப் பூசிவிட்டார்கள். றில்வான் பாஸ் அப்போது சாமான் வாங்க ஹல்துமுல்லைக்குப் போயிருந்தார்.

அம்மா மாட்டின் மணியை அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தாள். நாலாவது தரையில், கொத்திப் பூசிய மூலையில், அதைப் பாதி மறைகிற அளவு அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நீ ஆபிஸ்ல இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? சந்தோசத்த ஒளிச்சு வச்சிருந்திருக்க, கள்ளி.”

பாலைக் கையில் கொடுத்தாள். ஊற்றினேன்.

நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை, அக்கா. என்ன செய்வது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தனுஜா


ரொட்டர்டாம்
12.09.2024

தனுஜாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்கூடத்துக்குப் போனேன். எதுவும் செய்யாமல் திரும்பி வந்தேன்.

இதைப் படித்ததும் போய்ச் சொல். இதுவரை நீ செய்தது தயக்கம். இனிமேல் பிந்தினால் அது பொய்யாகிவிடும். பணிப்பாளர் சொல்ல வேண்டியதுதான், ஆனால் அவர் சுற்றி வளைப்பார். உன் வாயிலிருந்து வந்தால் அவர்களால் உன்னைத் திட்டவாவது முடியும்.

மூலைகளில் வைத்தவற்றை எடுத்து அவரவரிடம் கொடுக்கச் சொல். மேற்பரப்பை றில்வான் மறுபடி இழைக்கட்டும். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் அந்தத் தரையின் மேல் ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் அந்த வேலை. ஒரு மணி அங்கே இருந்தால் பார்க்கிறவன் மணியைத்தான் பார்ப்பான். ‘ஐயோ பாவம்’ என்பான், போய்விடுவான். போக விடக்கூடாது என்றுதான் இவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறேன்.

அந்த நிலத்தில் அளவுக்கல் நட்டிருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அனுப்பிய படங்களில் அந்தக் கற்கள் இல்லை. அவை நிற்கிற மூலைகளைப் படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். இப்போது எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

நவம்பர் பதினேழு காலை களத்தில் இருப்பேன்.

நிரஞ்சலா


பண்டாரவளை
06.10.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே நீலக்காட்டுக்கு பஸ் ஏறினேன். மழை. பெக்டரி மேல்மாடியில் எல்லாரும் இருந்தார்கள். நடுவில் நின்று சொன்னேன். கூட்டத்தில் மற்றவர் பேச்சை மொழிபெயர்த்தே பழகிவிட்டது. என் பேச்சை நானே பேசவேண்டி வந்தபோது குரல் எங்கேயோ போய்விட்டது. “சத்தமா சொல்லும்மா” என்றார்கள். இரண்டாம் தரமும் சொன்னேன். அது வீடு இல்லை. இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். மேலே ஒன்றும் வராது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இராமையா மாமாதான் முதலில் பேசினார். “எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான். நமக்குப் போடுற தரைய எவன்டா கண்ணாடி மாதிரி இழைப்பான்?” என்றார். அதற்குமேல் அவருக்கும் பகிடி வரவில்லை. மூக்குத்தி வைத்த பெண் எழுந்து தறப்பாளுக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள். ஓர் இளைஞன், “கடப்பாரைய எடுங்கடா, நாளைக்கே பேத்துப் போடுவோம்” என்றான். “பேத்து? அதுவும் இல்லாமப் போனா எங்க போயி நிப்ப?” என்று இராமையா மாமாவே அவனை உட்காரச் சொன்னார்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“வீடில்லன்னா பின்ன எதுக்கு அது?”

“ஞாபகத்துக்கும்மா.”

“ஞாபகத்துக்குத்தான் நாங்க இருக்கமே.”

அப்பா மாட்டைப் பார்க்க இறங்கிப் போனார். மணி இல்லாததால் இருட்டில் அது எங்கே நிற்கிறது என்று இப்போது தெரிவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மூலைகளில் இருப்பவற்றை எடுக்கும்படி நீங்கள் எழுதியதை றில்வான் பாஸிடம் சொன்னேன். உளியை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் தரை மூலையில் குந்திப் பார்த்தார். பிறகு உளியைச் சாக்கில் போட்டுவிட்டார். “வீட்டுக்குன்னு நேர்ந்து வச்ச சாமான நான் நோண்ட மாட்டேன் தங்கச்சி. நானும் புள்ள குட்டிக்காரன். வேற பாஸப் பாருங்க. கூலியையும் வெட்டிக்கச் சொல்லுங்க.” வேறு பாஸை நான் பார்க்கவில்லை. ஆகவே எல்லாம் வைத்தபடியே இருக்கின்றன. நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் செய்திருக்கிறேன் என்பதைத் தெரிவிக்க வேண்டும்.

போன ஞாயிறு மழை விட்டதும் களத்துக்குத் தனியாகப் போனேன். அக்கா, நீங்கள் எழுதியபடியே இருந்தது. எட்டுத் தரையிலும் வானம் கிடந்தது. மேகம் முதலாவது காம்பிராவில் நுழைந்து, சுவர் இருந்த இடத்தில் இல்லாமல் போய், அடுத்ததில் மறுபடி வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நூலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்த அதே உணர்வு வந்தது. யாரோ நடந்துவிட்டுப் போன மாதிரி, திரும்பி வருவார்கள் என்ற மாதிரி. உங்கள் பெயரைத் துண்டில் எழுதி வைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு அவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார்களாம். வீடு இல்லை என்று தெரிந்த பிறகும் வருகிறார்கள். தேங்காய்ப்பொச்சால் தண்ணீரைத் தள்ளிக் கூட்டுகிறார்கள். நான் கவனித்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். யாரும் குறுக்கே நடக்கவில்லை. பழைய லயத்தில் இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை, இருந்த பக்கத்தில், வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். மூன்றாம் தரையில் நின்றவளிடம் விளக்குமாறு வாங்க அம்மா கீழே இறங்கி, சுற்றிப் போய், அவள் வாசல் பக்கம் நின்று, “இருக்கியாடி?” என்று கூப்பிட்டாள். நடுவில் இருந்தது வெறும் ஆறங்குலம். கையை நீட்டினால் போதும். அவர்கள் நீட்டவில்லை.

நீங்கள் சுவரின் இடத்தை விட்டீர்கள். அவர்களுக்கு அங்கே சுவர் இருக்கிறது.

பதுளையில் உங்கள் அப்பா வாளித் தண்ணீரில் கழுவிய தரையைப் பற்றி அன்று முழுக்க யோசித்தேன். நீங்கள் போட்டது, எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற தரை. இவர்கள் அதை ஒன்று வருவதற்கு முன்னால் போடுகிற தரையாகப் பார்த்தார்கள். இரண்டு பேரும் தப்பாகப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அப்பா எதற்காக அதைக் கழுவினார், அக்கா? போகப்போகிறவர் தரையைக் கழுவுவாரா?

கையளிப்புக்கு வேண்டிய ஏற்பாடுகள் நடக்கின்றன. கம்பனியின் பெரியதொரையும் பணிப்பாளரும் வருகிறார்கள். தறப்பாள் கொட்டகை போடுவார்கள். நீங்கள் கையெழுத்திட வேண்டிய தாள் தயாராகிவிட்டது, தமிழ்ப் பிரதி நான் அடித்ததுதான். அது முடிந்ததும் களத்தைச் சுற்றிக் கம்பிவேலியும் பூட்டும் போடக் கம்பனி ஆள் வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கும் என்று தெரியவில்லை. பண்டாரவளை ஸ்டேசனுக்கு நான் வந்து நிற்பேன். குளிருக்குக் கம்பளிச் சட்டை கொண்டுவாருங்கள். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். “அந்தப் பதுளைக்காரப் புள்ள சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றாள். உங்களைப் புள்ள என்றதற்குக் கோபிக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
தனுஜா

கையெழுத்து வைத்துவிட்டு அதன் கீழே எழுதுவது மரியாதையில்லை என்று தெரியும். மேலே எழுத இடமிருந்தும் எழுதாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். பணிப்பாளருக்குத் தெரிந்தால் என்னை வேலையில் வைத்திருக்கமாட்டார். பரவாயில்லை.

உங்கள் வேலையை உடைக்கவோ மாற்றவோ நான் கேட்கவில்லை. தரை நீங்கள் போட்டபடியே இருக்கட்டும். வடிவத்தில் கடைசிச் சொல் உங்களுடையது என்றும், முடிந்தது என்று நீங்கள் கையெழுத்திடும் வரைக்கும் களம் உங்கள் பொறுப்பு என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நாளில் அவர்கள் பேனாவை நீட்டுவார்கள். கண்காட்சியின் கடைசி அறைக்கு நீங்கள் நினைத்த படம் கிடைக்காமல் போகும் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆறங்குலத்தில் சுவர் வரவேண்டும், அதற்கு மேலே கூரை, இஸ்தோப்புப் பக்கம் எட்டு வாசல், உள்ளே ஆட்கள்.

அக்கா, வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.